இறகுக்குள் ஒரு சிற்றுண்ணி. அவைக்குள் ஓர் ஐயம்

புது தில்லி:

கொல்கத்தாவில் 2024-ஆம் ஆண்டு ஜூன் 30-ஆம் தேதி மத்திய சுற்றுச்சூழல் அமைச்சர் பூபேந்தர் யாதவ் ஒரு பட்டியலை வெளியிட்டார். இந்தியாவில் அதுவரை அறியப்பட்டிருந்த விலங்கினங்கள் அனைத்தையும் தொகுத்த பட்டியல் அது. மொத்தம் 1,04,561 இனங்கள். 2023-ஆம் ஆண்டில் மட்டும் புதிதாகச் சேர்ந்தவை 641. அவற்றில் 442 உலகுக்கே புதியவை. எஞ்சிய 199 இந்திய மண்ணில் முதன்முறையாகக் காணப்பட்டவை. இத்தகைய முழுமையான பட்டியலைத் தயாரித்த முதல் நாடு இந்தியாதான் என்று அமைச்சர் பெருமிதம் கொண்டார்.

புலிகளின் எண்ணிக்கை வெளியாகும் நாளில் நாளிதழ்களில் ஒதுக்கப்படும் இடத்தில் பத்தில் ஒரு பங்குகூட இத்தகைய செய்திகளுக்குக் கிடைப்பதில்லை. அந்தக் குறையில் தில்லி நிருபர்களாகிய எங்களுக்கும் பங்குண்டு. பட்டியலில் ஆண்டுதோறும் சேரும் பெயர்களில் பெரும்பாலானவை புலியோ பறவையோ அல்ல. வண்டுகள், குளவிகள், சிலந்திகள், கண்ணுக்கே எளிதில் புலப்படாத ஒட்டுண்ணிகள். அவற்றுக்கு யார் பெயர் சூட்டுகிறார்கள், எப்படிச் சூட்டுகிறார்கள், பெயர் சூட்டும் ஒருவர் எதற்காகச் சட்டப் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு வேலை செய்ய வேண்டியிருக்கிறது என்ற கேள்விகளுக்கு விடை தேடிப் போனால் நாடாளுமன்றத்தின் பழைய அறிக்கை ஒன்றில் போய் நிற்க வேண்டியிருக்கிறது. அந்த அறிக்கையில் பறவைகள் இருக்கின்றன. பறவைகளின் உடலில் ஒட்டி வாழும் உயிர்களும் இருக்கின்றன. அமெரிக்க ராணுவமும் இருக்கிறது.

முதலில் அந்த உயிரைப் பார்ப்போம்.

கிராமத்தில் கோழி வளர்ப்பவர்களுக்குப் பேன், செள்ளு, உண்ணி ஆகியவை பழக்கமானவை. கால்நடை மருத்துவர் இவற்றைத் தனித்தனியே பிரிப்பார். பேனும் செள்ளும் ஆறு கால் பூச்சிகள். உண்ணி பூச்சியன்று, எட்டுக் கால் கொண்ட சிலந்தியின் உறவு. அந்த உண்ணியின் மிகச் சிறிய உறவினங்கள் ஆயிரக்கணக்கில் உள்ளன. அவற்றுக்கென்று தமிழில் ஒரே பெயர் நிலைக்கவில்லை. 1998-ல் கேரளத்தில் கண்டறியப்பட்டு, பின்னர் தமிழகத் தென்னந்தோப்புகளைச் சூறையாடிய ஈரியோபைட் இனத்தை 'சிலந்தி' என்றே விவசாயிகள் அழைத்தனர். இக்கட்டுரையில் 'சிற்றுண்ணி' என்ற சொல்லைப் பயன்படுத்துகிறேன்.

பறவையின் உடல் சிற்றுண்ணிகளுக்கு ஒரு மாளிகை. ஒவ்வோர் அறையிலும் வெவ்வேறு குடித்தனம். இறகின் விரிந்த பரப்பில், நரம்பிழைகளுக்கு நடுவே வரிசையாக ஒட்டிக்கொண்டிருப்பவை ஒரு வகை. இவற்றை ஒட்டுண்ணி என்று சொல்வதே சரியன்று என ஆய்வாளர்கள் இப்போது கருதுகின்றனர். இறகின் எண்ணெய்ப் பசை, பூஞ்சை, பாக்டீரியா ஆகியவையே இவற்றின் உணவு. குடியிருக்கும் வீட்டைக் கூட்டிப் பெருக்கித் தரும் வாடகைதாரர் போல. நாசித் துவாரத்துக்குள் வாழ்பவை வேறு வகை. பகலில் கூட்டின் இடுக்குகளில் பதுங்கி, இரவில் வந்து குருதி குடிப்பவை இன்னொரு வகை. கோழிப்பண்ணைக்காரர்கள் அஞ்சுவது இவற்றைத்தான்.

எல்லாவற்றையும்விட வியப்பளிப்பது இறகுத் தண்டுக்குள் வாழும் வகை. இறகின் அடிப்பகுதியில், தோலில் செருகியிருக்கும் வெற்றுக் குழல்தான் அதன் உலகம். இறகு முளைக்கும்போதே பெண் உண்ணி உள்ளே புகுந்துவிடும். குழலின் சுவரை ஊசி போன்ற வாயுறுப்பால் துளைத்து, வெளியே உள்ள திசுவின் சாற்றை உறிஞ்சும். முட்டையிடும், குஞ்சுகள் அங்கேயே வளர்ந்து இனப்பெருக்கம் செய்யும். பின்னர் புதிய பெண் உண்ணிகள் குழலின் மேல்முனைத் துளை வழியே வெளியேறி வேறோர் இறகைத் தேடும். பறவை சிறகடித்து ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பறந்தாலும் இவற்றின் உலகம் சில மில்லிமீட்டர் நீளந்தான். முதன்முதலாக 1880-ல் கோழி இறகிலிருந்து இவற்றில் ஓர் இனம் விவரிக்கப்பட்டது. இன்று இக்குடும்பத்தில் நானூறுக்கும் மேற்பட்ட இனங்கள் அறியப்பட்டுள்ளன. அவற்றில் மிகப் பல, போலந்து நாட்டின் போஸ்னான் நகரிலுள்ள ஆடம் மிக்கியேவிச் பல்கலைக்கழக ஆய்வாளர்களின் உழைப்பால் வெளிச்சத்துக்கு வந்தவை.

ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான ஓர் உயிரைப் 'புதியது' என்று எப்படிச் சொல்வது?

இறகை அறுத்து, தண்டைப் பிளந்து, உள்ளே இருப்பவற்றைச் சாராயக் கரைசலில் இட வேண்டும். லாக்டிக் அமிலத்தில் ஊறவைத்தால் உடலின் உட்பகுதிகள் கரைந்து, கண்ணாடி போலத் தெளிந்த மேலோடு மட்டும் மிஞ்சும். அரபுப் பிசின் கலந்த பசையில் அதைக் கண்ணாடித் தகட்டில் நிலைநிறுத்தி, நுண்ணோக்கியின் கீழ் வைத்துக் கையால் படம் வரைய வேண்டும். புகைப்படம் போதாது. உடலில் எத்தனை மயிர்கள், எந்த மயிர் எதைவிட நீளம், வாயுறுப்பின் நுனி எப்படி இருக்கிறது, மூச்சுக்குழல் எத்தனை அறைகளாகப் பிரிந்திருக்கிறது என்று ஒவ்வொன்றையும் அளக்க வேண்டும். அளவு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு என்ற கணக்கில். பிறகு, நெருங்கிய உறவினங்களின் விவரங்களோடு ஒப்பிட வேண்டும். ஐயம் எழுந்தால் அவற்றின் மூல மாதிரியையே பார்த்தாக வேண்டும்.

மூல மாதிரி என்பதுதான் இங்கே முக்கியம். ஓர் இனத்துக்குப் பெயர் சூட்டும்போது, அப்பெயருக்கு உரிமையுள்ள ஓர் உடலை ஆய்வாளர் சுட்டிக்காட்டி ஓர் அருங்காட்சியகத்தில் ஒப்படைக்க வேண்டும் என்பது விலங்கியல் பெயரிடலுக்கான பன்னாட்டு நெறி. நிலத்துக்கு மூலப்பத்திரம் எப்படியோ அப்படி. நூறு ஆண்டுகளுக்குப் பின் தகராறு வந்தாலும் அந்த ஒற்றைக் கண்ணாடித் தகட்டை எடுத்துப் பார்த்துத்தான் தீர்ப்பு.

நம் மூலப்பத்திரங்கள் எங்கே இருக்கின்றன?

காங்கிரஸ் கட்சியின் வரலாறு படித்தவர்களுக்கு ஆலன் ஆக்டேவியன் ஹியூமைத் தெரியும். அவர் தம் காலத்தில் இந்தியப் பறவையியலின் மாபெரும் அறிஞர் என்பது கட்சிக்காரர்களில் பலருக்குத் தெரியாது. சிம்லாவில் இருந்த அவரது மாளிகையில் நாடெங்கிலுமிருந்து சேகரித்த பறவைத் தோல்களும் முட்டைகளுமாகச் சுமார் 82 ஆயிரம் மாதிரிகள் குவிந்திருந்தன. இந்தியப் பறவைகளைப் பற்றி அவர் எழுதி வைத்திருந்த கையெழுத்துப் படிகளைப் பணியாள் ஒருவர் பழைய காகிதமாக விற்றுவிட, மனம் வெறுத்த ஹியூம் முழுச் சேகரிப்பையும் லண்டன் அருங்காட்சியகத்துக்குக் கொடுத்துவிட்டார். 1885-ல் அங்கிருந்து ஓர் அதிகாரி சிம்லாவுக்கு வந்து, 47 தேவதாரு மரப் பெட்டிகளில் அடைத்துக் கப்பலேற்றினார். அதே ஆண்டு டிசம்பரில் பம்பாயில் காங்கிரஸின் முதல் மாநாடு கூடியது.

அத்தோல்களின் இறகுகளுக்குள் சிற்றுண்ணிகளும் கப்பலேறின. இது வெறும் கற்பனையன்று. பதப்படுத்திய தோலில் சிற்றுண்ணிகளின் காய்ந்த உடல்கள் நூறாண்டு கடந்தும் சிதையாமல் இருக்கும். வட அமெரிக்காவில் அற்றுப்போன கரோலினா கிளியின் பழைய தோல்களிலிருந்து ஆறு புதிய சிற்றுண்ணி இனங்களை ரஷிய, போலந்து, ஜெர்மன் ஆய்வாளர்கள் 2005-ல் விவரித்தனர். நியூசிலாந்தில் அற்றுப்போன ஹூயியா என்ற பறவையின் தோல் ஓர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதில் ஒட்டியிருந்த உடல்களை வைத்து 2008-ல் ஓர் இனத்துக்குப் பெயர் சூட்டப்பட்டது. பறவை அழிந்து நூறாண்டுக்குப் பின், அதனோடு இன்னோர் இனமும் அழிந்துபோயிருக்கலாம் என்பது தெரியவந்தது. பிறப்புச் சான்றும் இறப்புச் சான்றும் ஒரே நாளில் வழங்கப்பட்டது போல.

இமயமலைக் காடை கடைசியாகப் பதிவானது 1876-ல். உலகில் எஞ்சியுள்ள அதன் தோல்கள் ஒரு டஜன் அளவுக்குத்தான்; அவற்றில் பல பிரிட்டனில், டிரிங் என்ற சிற்றூரிலுள்ள அருங்காட்சியகத்தில். அவற்றின் இறகுகளை ஆராய வார்சாவிலிருந்து வரும் ஒருவருக்கு இந்திய அரசின் அனுமதி தேவையில்லை. வாராணசியிலிருந்து போகும் ஒருவருக்கு விசாவும் விமானக் கட்டணமும் தேவை.

கானமயில் விவகாரத்தையும் இங்கே சொல்ல வேண்டும். ராஜஸ்தானில் மின்கம்பிகளில் மோதி அழியும் அப்பறவைக்காக உச்ச நீதிமன்றம் 2021 ஏப்ரலில் பிறப்பித்த ஆணையும், 2024 மார்ச்சில் அதைத் தளர்த்தியதும் நாடறிந்தவை. காட்டிலிருந்து எடுத்த முட்டைகளை அடைகாப்புக் கருவியில் பொரித்து, ஜெய்சல்மேர் மாவட்டத்தில் குஞ்சுகளை வளர்க்கிறார்கள். இனத்தைக் காக்க வேறு வழியில்லை. ஆனால் சிற்றுண்ணிகள் பெரும்பாலும் தாயின் உடலிலிருந்தே குஞ்சுக்கு இடம் மாறுபவை. கருவியில் பொரித்த குஞ்சுக்கு அந்தச் சொத்து வந்து சேராது. கலிபோர்னியாவில் அரிய கழுகினத்தைக் காக்க அவற்றையெல்லாம் பிடித்து மருந்திட்டதில், அக்கழுகில் மட்டுமே வாழ்ந்த ஒரு பேன் இனம் மறைந்துபோனது. ஒரு பேனுக்காக அழ வேண்டுமா என்று கேட்கலாம். அழ வேண்டியதில்லை; அது என்னவென்று பார்த்து எழுதி வைத்துவிட்டாவது மருந்திட்டிருக்கலாம்.

கியாசனூரில் தொடங்கிய கதை

1957-ஆம் ஆண்டு. அன்றைய மைசூர் மாநிலத்தின் சிமோகா மாவட்டத்தில், கியாசனூர் காட்டில் குரங்குகள் செத்து விழுந்தன. காட்டோர மக்களுக்குக் கடும் காய்ச்சல். மஞ்சள் காய்ச்சல் ஆசியாவுக்குள் நுழைந்துவிட்டதோ என்ற அச்சம் முதலில் எழுந்தது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுவும் அமெரிக்காவின் ராக்ஃபெல்லர் அறக்கட்டளையும் சேர்ந்து 1952-ல் புணேயில் நிறுவிய வைரஸ் ஆய்வு மையத்தினர் சென்று பார்த்ததில், அது வேறொரு புதிய வைரஸ் எனத் தெரிந்தது. பரப்புவது உண்ணி. ரஷியாவில் அறியப்பட்டிருந்த ஒரு மூளைக்காய்ச்சல் வைரஸுக்கு இது நெருங்கிய உறவு என்றும் தெரிந்தது.

சைபீரியாவின் வைரஸுக்கு உறவான ஒன்று சிமோகாவுக்கு எப்படி வந்தது? ஆண்டுதோறும் சைபீரியாவிலிருந்து வரும் வலசைப் பறவைகள் உண்ணிகளைச் சுமந்து வந்திருக்குமோ? இந்தக் கேள்விதான் பறவையியல் அறிஞர் சாலிம் அலியையும் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தையும் உள்ளே இழுத்தது. உலக சுகாதார நிறுவனத்தின் உதவியுடன் பறவைகளைப் பிடித்துக் காலில் வளையமிட்டு விடும் பணி தொடங்கியது. பரத்பூர் முதல் நம் கோடியக்கரை வரை வலைகள் கட்டப்பட்டன. பிடித்த பறவையின் உடலிலிருந்து ஒட்டுண்ணிகளும் குருதி மாதிரிகளும் எடுக்கப்பட்டன. பின்னர் அமெரிக்கப் பணம் வந்தது. அமெரிக்க ராணுவத்தின் ஆதரவில், பாங்காக்கை மையமாகக் கொண்டு, 1963 முதல் ஆசிய நாடுகளில் நடந்த வலசை விலங்கு நோய் ஆய்வுத் திட்டம் அது. அத்திட்டத்தில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பறவைகளுக்கு வளையமிடப்பட்டது.

காட்டில் நடந்த ஆய்வு வீண்போகவில்லை. நோயைப் பரப்பும் முதன்மை உண்ணி எது என்பது உறுதியானது. ஹீமாபைசாலிஸ் ஸ்பினிஜெரா என்ற அவ்வுண்ணி 1897-லேயே பெயர் பெற்றிருந்தது. அதைத் தேடிய வழியில் பெயரற்ற வேறோர் உண்ணியும் கிடைத்தது. 1964-ல் ஹீமாபைசாலிஸ் கியாசனூரென்சிஸ் என்று அதற்குப் பெயர் சூட்டினர் மூவர். ராக்ஃபெல்லர் அறக்கட்டளையின் டிராபிடோ. கெய்ரோவிலிருந்த அமெரிக்கக் கடற்படை ஆய்வகத்தின் ஹூக்ஸ்ட்ரால். புணே மையத்தின் பி.கே. ராஜகோபாலன். இந்த ராஜகோபாலன்தான் பின்னாளில் புதுச்சேரியில் நோய்பரப்பிகள் கட்டுப்பாட்டு ஆய்வு மையத்தின் இயக்குநராக இருந்தவர். ஓர் அமெரிக்க அறக்கட்டளை, ஓர் அமெரிக்கக் கடற்படை, ஓர் இந்திய விஞ்ஞானி, ஒரு கன்னடக் காட்டின் பெயர். அக்காலத்து ஆராய்ச்சியின் முகவரி அந்த ஒரு பெயருக்குள்ளேயே இருக்கிறது.

பத்தாண்டு கழித்து அந்த முகவரிதான் கேள்விக்குள்ளானது.

1974-ல் பி.டி.ஐ. செய்தி நிறுவனம் வெளியிட்ட செய்திகள் தில்லியை உலுக்கின. கொசுக்களை மரபியல் வழியில் கட்டுப்படுத்த உலக சுகாதார நிறுவனத்தின் பெயரில், அமெரிக்க நிதியுடன் நடந்த திட்டம், பறவை வலசைத் திட்டம் எனப் பலவும் இந்திய மண்ணில் அந்நிய ராணுவத்துக்குப் பயன்படும் தகவல்களைத் திரட்டுகின்றனவோ என்ற ஐயம் எழுந்தது. மார்க்சிஸ்ட் உறுப்பினர் ஜோதிர்மாய் பாசு தலைமையிலான பொதுக் கணக்குக் குழு விசாரித்து, 1975 ஏப்ரலில் தனது 167-ஆவது அறிக்கையை அளித்தது. எந்தப் பறவை எந்த மாதத்தில் எங்கிருந்து எங்கே போகிறது, அதன் உடலில் எந்த உண்ணி, உண்ணிக்குள் எந்த வைரஸ் என்ற விவரம் இந்தியாவுக்குப் பயன்படுவதைவிடக் கிருமிப் போருக்குத் திட்டமிடும் ஒரு நாட்டுக்கே அதிகம் பயன்படும் என்பது அறிக்கையில் ஒலித்த கவலை.

இன்று படிப்பவர்களுக்கு இது மிகையாகத் தோன்றக்கூடும். அவ்வளவு எளிதில் ஒதுக்கிவிட முடியாது. 1969 நவம்பரில் அதிபர் நிக்ஸன் கைவிடுவதாக அறிவிக்கும்வரை அமெரிக்கா கிருமி ஆயுதங்களை உருவாக்கி வைத்திருந்தது உண்மை. பறவைத் திட்டத்துக்குப் பணம் தந்ததும் ராணுவந்தான். கேள்வி கேட்டது குழுவின் கடமை. குறை எங்கே என்றால், கேள்விக்குப் பின் செய்ய வேண்டியதைச் செய்யாததில். அந்நியர் பணத்தில் நடந்தது தவறென்றால் நம் பணத்தில் நடத்தியிருக்க வேண்டும். கொசுத் திட்டம் சோனிபட்டில் களத்துக்கு வருமுன்பே கைவிடப்பட்டது. பறவைத் திட்டமும் அரசியல் சுழலில் சிக்கியது. இரண்டே மாதங்களில் நெருக்கடி நிலை வந்தது. நாட்டின் கவனம் வேறு பக்கம் திரும்பியது.

சாலிம் அலி 1985-ல் மாநிலங்களவையின் நியமன உறுப்பினரானார், 1987-ல் மறைந்தார். சைபீரியப் பறவைகள்தான் கியாசனூர் வைரஸைக் கொண்டுவந்தன என்பது கடைசிவரை நிறுவப்படவில்லை. 2006 பிப்ரவரியில் மகாராஷ்டிரத்தின் நவாபூரில் பறவைக் காய்ச்சல் முதன்முறையாகப் பரவியபோது, வலசைப் பறவைகள் எந்த வழியில் வருகின்றன என்ற அதே பழைய கேள்வி நாடெங்கும் எழுந்தது. 1960-களில் கட்டிய வலைகளை முழுமூச்சில் தொடர்ந்திருந்தால் விடையின் பெரும்பகுதி அப்போது கோப்புகளில் இருந்திருக்கும்.

சட்டத்தின் வலை

ஐயத்தின் அடுத்த வடிவம் சட்டமாக வந்தது. மஞ்சளுக்கு அமெரிக்காவில் 1995-ல் காப்புரிமை தந்து 1997-ல் ரத்துசெய்ததும், வேம்புக்கு ஐரோப்பாவில் தந்த காப்புரிமை 2000-ல் ரத்தானதும் வாசகர்கள் அறிந்ததே. உயிரியல் கொள்ளையைத் தடுக்க ஒரு சட்டம் தேவை என்பதில் கட்சிகளிடையே பெரிய வேறுபாடு இல்லை. அன்றைய மத்திய சுற்றுச்சூழல் அமைச்சர் டி.ஆர். பாலுவின் பொறுப்பில் இருந்த உயிரியல் பன்மை மசோதா 2002 டிசம்பர் 2-ல் மக்களவையிலும், 11-ல் மாநிலங்களவையிலும் நிறைவேறியது. சட்டத்தைச் செயல்படுத்தும் தேசிய உயிரியல் பன்மை ஆணையம் 2003 அக்டோபரில் சென்னையில் அமைக்கப்பட்டது. தில்லிக்கு வெளியே தலைமையகம் கொண்ட மத்திய அமைப்புகளும் உண்டு. அவற்றில் ஒன்று தமிழகத்துக்குக் கிடைத்தது.

சட்டத்தின் நோக்கம் மருந்து நிறுவனங்களும் விதை நிறுவனங்களும். ஆனால் 'உயிரியல் வளம்' என்ற சொல் விரிந்த வலை. பறவை இறகிலிருந்து எடுத்த சிற்றுண்ணியும் அதில் சிக்கும். வெளிநாட்டவர் ஒருவர் அதை ஆய்வுக்குப் பெற ஆணையத்தின் முன் அனுமதி வேண்டும். இந்திய ஆய்வாளர் ஒப்பீட்டுக்காக வெளிநாட்டு நிபுணருக்கு அனுப்புவதானாலும் நடைமுறைகள் உண்டு. அரசின் ஒப்புதல் பெற்ற கூட்டுத் திட்டங்களுக்கு விலக்கு இருக்கிறது; ஆனால் சிற்றுண்ணி ஆய்வு பெரும்பாலும் ஒரு பேராசிரியர், ஒரு மாணவர், ஒரு நுண்ணோக்கி என்ற அளவில் நடப்பது. அதற்கு எந்த அமைச்சகம் கூட்டுத் திட்டம் வகுக்கும்? மீறினால் ஐந்தாண்டு வரை சிறை, பத்து லட்ச ரூபாய் வரை அபராதம், ஜாமீனில் வெளிவர முடியாத குற்றம் என்றே 2002-ஆம் ஆண்டுச் சட்டம் சொன்னது. இது தவிர, பறவையைப் பிடிப்பதற்கு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் மாநிலத்தின் தலைமை வன உயிரினக் காப்பாளரிடம் தனி அனுமதி. பறவை மூன்று மாநிலங்களில் வாழ்ந்தால் மூன்று விண்ணப்பங்கள்.

2008 ஜூனில் டார்ஜிலிங் மலையில் செக் நாட்டுப் பூச்சியியலாளர்கள் இருவர் அனுமதியின்றி வண்டுகளும் வண்ணத்துப்பூச்சிகளும் சேகரித்ததாகக் கைதாகித் தண்டிக்கப்பட்டனர். தேசியப் பூங்காவில் அனுமதியின்றிச் சேகரித்தது தவறுதான். ஆனால் அச்செய்தி உலகெங்கும் பரவியபின் இந்திய மாதிரிகளைத் தொடவே வெளிநாட்டு நிபுணர்கள் தயங்கினர் என்று நம் ஆய்வாளர்களே வருந்தினர். கேரள வேளாண் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பிரதாபன் திவாகரனும் சக ஆய்வாளர்களும் 2018 ஜூனில் 'சயன்ஸ்' இதழில் ஒரு கட்டுரை எழுதினர். பல்லுயிரைக் காக்கச் செய்த பன்னாட்டு உடன்படிக்கையே பல்லுயிர் ஆராய்ச்சியை முடக்குகிறது என்பது அவர்களின் வாதம். 35 நாடுகளைச் சேர்ந்த 172 பேர் அதில் உடன் கையொப்பமிட்டனர்.

சட்டத்தின் 39-ஆவது பிரிவு வேறு வகை. புதிய இனம் ஒன்றைக் கண்டறியும் எவரும் அதை அரசு அறிவித்த காப்பகத்துக்குத் தெரிவித்து, மாதிரியையும் அங்கே ஒப்படைக்க வேண்டும் என்கிறது அது. விலங்குகளைப் பொறுத்தவரை 1916-ல் தொடங்கப்பட்ட இந்திய விலங்கியல் ஆய்வுத் துறை அத்தகைய காப்பகம். ஹியூமின் 47 பெட்டிகளை நினைத்துப் பார்த்தால் இப்பிரிவின் நியாயம் விளங்கும். இனி நம் மூலப்பத்திரங்கள் நம்மிடமே இருக்கும். ஆனால் பத்திரம் மட்டும் இருந்தால் போதுமா? படித்துச் சொல்ல ஆள் வேண்டும். வகைப்பாட்டியல் வல்லுநர்கள் அருகி வருகிறார்கள் என்பதை உணர்ந்து மத்திய அரசு 1999-லேயே அகில இந்திய ஒருங்கிணைந்த வகைப்பாட்டியல் திட்டத்தைத் தொடங்கியது. கால் நூற்றாண்டுக்குப் பின்னும் அதே கவலையைத்தான் பல்கலைக்கழகங்களில் கேட்க முடிகிறது. ஒரு சிற்றுண்ணியின் மயிர்களை எண்ணி மாதக்கணக்கில் படம் வரையும் மாணவருக்கு, அதன்பின் வேலை தர யார் இருக்கிறார்கள்?

திருத்த மசோதா 2021 டிசம்பரில் மக்களவைக்கு வந்தது. சஞ்சய் ஜெய்ஸ்வால் தலைமையிலான கூட்டுக் குழு ஆராய்ந்து 2022 ஆகஸ்டில் அறிக்கை தந்தது. 2023 ஜூலை 25-ல் மக்களவை அதை நிறைவேற்றியபோது மணிப்பூர் கலவரம் குறித்த முழக்கங்களால் அவை அதிர்ந்துகொண்டிருந்தது. ஆகஸ்ட் 1-ல் மாநிலங்களவையும் ஒப்புதல் அளித்தது. 2024 ஏப்ரல் 1 முதல் திருத்தம் நடைமுறைக்கு வந்தது. சிறைத் தண்டனை நீங்கியது. மாறாக ஒரு லட்சம் முதல் ஐம்பது லட்ச ரூபாய் வரை தண்டத்தொகை. ஆயுர்வேத, சித்த மருத்துவர்களுக்கு விலக்கு, நிறுவனங்களுக்கான வரையறை ஆகியவை பற்றி அவைக்கு வெளியே நிறையப் பேசப்பட்டது. பெயர் சூட்டுபவர்களின் சிக்கல் விவாதத்தின் விளிம்புக்குக்கூட வரவில்லை. ஐம்பது லட்சம் என்ற எண் ஒரு மருந்து நிறுவனத்துக்கு ஒரு நாள் விளம்பரச் செலவு. கல்லூரி ஆசிரியருக்கோ வாழ்நாள் சேமிப்பு.

வணிகத்துக்கான ஆய்வையும் பெயரிடலுக்கான ஆய்வையும் சட்டம் ஒரே தராசில் நிறுத்தாமல் பிரித்துப் பார்க்க வேண்டும் என்பதே வகைப்பாட்டியலாளர்களின் கோரிக்கை. ஒரு கண்ணாடித் தகட்டை ஆறு மாதத்துக்கு இரவல் அனுப்பித் திரும்பப் பெற எளிய பதிவு முறை ஒன்று போதும் என்கிறார்கள். 1975-ல் எழுந்த ஐயத்துக்கும் அதுவே நேர்மையான விடையாக இருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது. எது போகிறது, யாரிடம் போகிறது, எப்போது திரும்பும் என்பது வெளிப்படையாகப் பதிவானால் ஒளிப்பதற்கு என்ன இருக்கிறது?

பெயரில் என்ன இருக்கிறது என்று கேட்பவர்கள் தென்னை விவசாயிகளைக் கேட்கலாம். தேங்காயைச் சொறி பிடித்ததுபோல் ஆக்கிய அந்தச் சிற்றுண்ணி, மெக்ஸிகோ நாட்டின் கெர்ரெரோ மாநிலத்திலிருந்து 1965-ல் விவரிக்கப்பட்டு, அம்மாநிலத்தின் பெயரையே தாங்கியிருந்தது. 33 ஆண்டுகள் கழித்து எர்ணாகுளம் மாவட்டத்தில் அது தென்பட்டபோது, அதன் பழக்கவழக்கங்கள் பற்றி ஏற்கெனவே எழுதப்பட்டிருந்தவற்றை நம் விஞ்ஞானிகள் உடனே எடுத்துப் பார்க்க முடிந்தது. யாரோ ஒருவர் அன்று உட்கார்ந்து பெயர் சூட்டி வைத்திருந்ததால்.

கியாசனூர் காய்ச்சல் சிமோகாவோடு நிற்கவில்லை. 2012-ல் பந்திப்பூருக்கும் நீலகிரிக்கும் வந்தது; அடுத்த ஆண்டுகளில் வயநாடு, கோவா, மகாராஷ்டிரத்தின் சிந்துதுர்க் எனப் பரவியது. டிசம்பர் தொடங்கி மே வரை நோய்க்காலம். அம்மாதங்களில் மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில் சுகாதார ஊழியர்கள் வெள்ளைத் துணியைத் தரையோடு இழுத்துச் செல்கிறார்கள். மிளகு விதையைவிடச் சிறிய இளம் உண்ணிகள் துணியில் ஒட்டிக்கொண்டு வருகின்றன. அவற்றைக் குப்பியில் அடைத்து ஆய்வகத்துக்கு அனுப்புகிறார்கள். அங்கே ஒருவர் நுண்ணோக்கியின் முன் அமர்ந்து, இது ஸ்பினிஜெராவா, கியாசனூரென்சிஸா, இரண்டுமில்லாத வேறொன்றா என்று ஒவ்வொன்றாகப் பிரித்துக்கொண்டிருக்கிறார்.